இலையில் மோனை, தூளில் எதுகை

ஜூன் 9, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். காற்றும் அடிக்கிறது. மலைப் பக்கம் சாரல் விழுந்திருக்கும். மேலப்பாளையத்துக்கு அதில் வந்து சேர்ந்தது புழுதி மட்டும்.

பீடி இலை நனைத்தாச்சு. அரிசி ஊறப் போட்டாச்சு. பரீட்சைக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்.

இந்த நோட்டு ஜெனிபர் டீச்சர் உத்தரவு. தினமும் பத்து வரி தமிழ் எழுதணுமாம். யாரும் பார்க்க மாட்டார்களாம், பிழை வந்தால் வரட்டுமாம். டீச்சர் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும், என்னைப் போல வீட்டிலிருந்து பத்தாவது எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தெட்டு. அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை டீச்சர் என்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

என் நிலவரம்:
கணக்கு, பாஸ்.
அறிவியல், பாஸ்.
சமூக அறிவியல், பாஸ்.
இங்கிலீஷ்கூட பாஸ்.
தமிழ், பெயில். முதல் தடவை 28. இரண்டாம் தடவை 32.

வாய் ஓயாமல் பேசுகிற பாஷையில் பெயில். மச்சான் (என் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறார்) இதைச் சொல்லிச் சொல்லியே ஸ்டாண்டில் நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

எல்லாம் செய்யுளால் வந்தது. எதுகை எது, மோனை எது, இயைபு எது? மனப்பாடமாகச் சொல்லுவேன். வரிகளிலோ ஒரே வரியின் சொற்களிலோ முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து என்றால் எதுகை, கடைசியில் என்றால் இயைபு. பாட்டைக் கண் முன்னால் வைத்தால் எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மாற்றி மாற்றி எழுதுகிறேன்.

ஜூன் 10, புதன்

பக்கத்துத் தெரு நர்சரி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை டீச்சர் சொன்னது அப்படியே: "பத்தாவது பாஸ்னு பேப்பர் கொண்டாங்க. எல்.கே.ஜி. பிள்ளைகள உங்ககிட்ட விடுதேன். ஜூலை கடைசி வரைக்கும் அந்த எடத்துக்கு வேற யாரையும் எடுக்க மாட்டேன்."

ஜூலை கடைசி. அதற்குப் பிறகு வேறு யாராவது.

மச்சானும் சொல்லிவிட்டார், "இது மூணாவது தடவ. இதோட விட்டுரு, என்ன?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன். தோள்பட்டை வலி, தும்மல், எல்லாம் பழகிவிட்டது. எனக்கு வேண்டியது ஒன்றுதான், யாராவது என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும். எழுதிப் பார்த்தேன். மைமூன் டீச்சர். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

காற்று. முன்கூடத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். இல்லையென்றால் தூள் பறக்கும்.

கூடத்தில் தினமும் மூன்று பேர். நான், பக்கத்து வீட்டு சபியா, எதிர் வீட்டு ஜன்னத். சபியாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஜன்னத் சின்னவள், பன்னிரண்டாவது முடித்தவள், வாசிக்கிறது அவள்தான். டி.வி. எங்களுக்கு ஆகாது. கண் மேலே போனால் கட்டு தளர்ந்துவிடும், பீடிக் கடை அண்ணாச்சி கழித்துப் போட்டுவிடுவார். அதனால் வாசிப்பு. பேப்பர், வாரப் பத்திரிகை, எது கிடைத்தாலும். வாசிக்கிறவள் கை சும்மா இருக்குமே, அவள் தட்டில் மற்றவர்கள் சுற்றிப் போட வேண்டும். அவள் பங்கு குறையக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறினால் சபியா ஒரு வாரம் பேச மாட்டாள்.

இன்று ஜன்னத் என் தமிழ்ப் புத்தகத்தை வாசித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒருத்தி வாசிக்க, ஒருத்தி கேட்க, இரண்டு பேரும் எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டு நாலு வரி. ஜன்னத் நிதானமாக வாசித்தாள். சபியா கை ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நிறுத்தினாள்.

"ஏளா, திரும்ப வாசி."

வாசித்தாள்.

"இந்த ரெண்டு வரியும் ஒரே எடத்துல தட்டுது."

"எங்கன?" என்றேன்.

"தூள் போடுற எடத்துல."

எனக்குப் புரியவில்லை. அவள் கையைப் பார்க்கச் சொன்னாள். ஒரு வரிக்கு ஒரு பீடி சுற்றுகிறாள். இலையை எடுக்கும்போது வரி தொடங்குகிறது. தூள் போடும்போது இரண்டாம் எழுத்து. நூல் சுற்றி முடிக்கும்போது வரி முடிகிறது. பாட்டு எங்கே ஒத்துப் போகிறதோ அங்கே அவள் கை அறிந்துவிடுகிறது.

இலையில் ஒத்தால் மோனை.
தூளில் ஒத்தால் எதுகை.
நூலில் ஒத்தால் இயைபு.

ஜன்னத் புத்தகத்தின் பின்பக்கம் திருப்பி விடையைப் பார்த்தாள். சபியா சொன்னதுதான். அடுத்த பாட்டு, அதுவும் சரி. அதற்கடுத்தது, அதுவும் சரி. பேர் தெரியாமலே எல்லாவற்றையும் சொல்கிறாள். தூள், இலை, நூல், தூள்.

நான் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். சந்தோஷம் வந்தால் எனக்குக் கை நிற்காது.

ஜூன் 13, சனி

வெயில். மோர் தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

இரண்டு நாளாகக் கூடமே பாட்டுக் கச்சேரி. புத்தகப் பாட்டு போதவில்லை என்று சபியா சொந்தமாகக் கட்டுகிறாள். என் குரலில், என் வீட்டுக்காரர் மேல்:

கட்டிலிலே சாஞ்சிருக்கும் காதர் மச்சான்
தட்டினிலே சோறு வந்தா தாவி வாரான்

சுற்றிப் பார்த்தேன். கட்டில், காதர். ஒரு வரிக்குள்ளேயே இலை. தட்டு, தாவி. அதுவும் இலை. கட், தட். தூள். மச்சான், வாரான். நூல். இரண்டே வரியில் மூன்றும் போட்டுவிட்டாள் பாவி.

மச்சான் அந்த நேரம் பார்த்துச் சாப்பிட வந்தார். ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

"என்ன 'வாரான்'னா சொன்னிய?"

"பாடம் மச்சான். இயைபு."

"இயைபா? உன் பாடத்துல மரியாத கெடையாதா?"

ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை அதை முணுமுணுத்தார். நான் கேட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

பாளையங்கோட்டை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ஜெனிபர் டீச்சர் பத்துக் கேள்வி கொடுத்தாள். பத்தும் சரி!! பத்தும்!!! வகுப்பே திரும்பிப் பார்த்தது. கூரியர் கம்பெனிக்காரர் ஒருவர் என்னுடைய தாளை வாங்கிப் பார்த்தார். டீச்சர் எல்லோருக்கும் முன்னால் வந்து சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கைதட்டினார்கள்.

"யாருக்கா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"நானா கண்டுபிடிச்சேன் டீச்சர்."

சொல்லிவிட்டேன். வாய் அதுவாகப் போனது.

போகும்போது டீச்சர் ஒன்று சொன்னாள். "அக்கா, வாய்விட்டுப் படிச்சு, தட்டித் தட்டித்தான் சரியாச் சொல்லுதீங்க. ஹால்ல அப்படி முடியாது."

உண்மைதான். போன தடவை முணுமுணுத்ததற்கு இரண்டு தடவை எழுப்பி நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை வெளியே அனுப்பிவிடுவோம் என்றார்கள். அந்தப் பயத்தில் பாட்டே மறந்து போச்சு. 32.

ஜூன் 15, திங்கள்

பெருமை தாங்க முடியாமல் கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல், கூரியர்காரர், எல்லாம். "டீச்சர் கேட்டா, நானா கண்டுபிடிச்சேன்னு சொன்னேன்" என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

ஜன்னத் தலையைக் குனிந்துகொண்டாள். சபியா கையிலிருந்த பீடிக்கு நூலை நிதானமாகச் சுற்றி முடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ டீச்சர் ஆவே மைமூனு. ஒனக்கு அந்த லட்சணம் இப்பவே வந்துட்டு."

போய்விட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

வரவில்லை. அவள் வீட்டில் ரேடியோ சத்தம். அவளுக்கு ரேடியோ பிடிக்காது.

ஜூன் 17, புதன்

வரவில்லை. ஜன்னத் வாசித்தாள், நான் ஒருத்தியே சுற்றினேன். பாட்டு ஒன்றும் கையில் நிற்கவில்லை. நாலு கேள்வியில் மூன்று தப்பு. பயம் வந்துவிட்டது. பரீட்சைப் பயமா, அவள் பேசாத பயமா என்று தெரியவில்லை. இரண்டும்.

ஜூன் 18, வியாழன்

மேகமூட்டம். ஒரு தூறல், அவ்வளவுதான்.

மதியம் என்னுடைய தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எதிரே உட்கார்ந்து நான் சுற்றியதை எல்லாம் அவள் தட்டில் போட்டேன். மூன்று நாள் வேலை. வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வந்ததே இல்லை.

ஆனால் கேட்டேன். "பொய் சொல்லிட்டேன் சபியா. வார ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் ஒம் பேரச் சொல்லிருதேன்."

"எம் பேரு எனக்கு எதுக்கு? நீ எழுதிக் காட்டுனாக்கூட அது நாந்தானான்னு எனக்குத் தெரியாது."

அழுகை வந்தது. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"போதும் எந்திரி. ஒன் வீட்டுல இலை காயும்."

ஜூன் 21, ஞாயிறு

வகுப்பில் எழுந்து சொன்னேன்: "அது நான் கண்டுபிடிச்சது இல்ல. எங்க பக்கத்து வீட்டு சபியா கண்டுபிடிச்சது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது." ஜெனிபர் டீச்சர் கரும்பலகையில் 'சபியா முறை' என்று எழுதினாள். பெரிய எழுத்தில். கூரியர்காரர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "முறையா? நான் என்ன வைத்தியரா?" என்று சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறி கொடுத்தனுப்பினாள்.

ஜூன் 25, வியாழன்

மௌனப் பயிற்சி. சபியாவின் யோசனை. ஜன்னத் வாசிக்க மாட்டாள், தாளை மட்டும் காட்டுவாள். நான் வாய் திறக்காமல், இலை இல்லாமல், தூள் இல்லாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். மடிக்குள் கையை வைத்துக்கொண்டு. உதடு அசைந்தால் சபியா ஒரு இலைக் காம்பை எறிவாள்.

முதல் நாள் பதினோரு காம்பு.

ஜூன் 28, ஞாயிறு

இரண்டு காம்பு.

ஜூன் 30, செவ்வாய்

ஒன்றுமில்லை! சபியா கையில் வைத்திருந்த காம்பைக் கடைசியில் ஜன்னத் மேல் எறிந்தாள்.

ஜூலை 1, புதன்

ஹால் டிக்கெட், பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், ஆதார் அட்டை. மச்சான் ஆட்டோவுக்கு பிரேக் பார்த்துவிட்டார். சாயங்காலம் சபியா வந்து துஆ ஓதித் தலையில் ஊதினாள். "கைய நம்பு. கண்ண நம்பாத," என்றாள்.

ஜூலை 2, வியாழன்

எழுதிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டோவில் பாளையங்கோட்டை. ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரே நெரிசல் என்று மச்சானுடைய சினேகிதர் போனில் சொன்னார். நமக்கு அந்தப் பாலம் வழியே இல்லை, இருந்தாலும் மச்சான் பதற்றத்தில் அரை மணி முன்னாலேயே கொண்டு போய் இறக்கிவிட்டார்.

உரைநடை, கடிதம், எல்லாம் ஓடியது. செய்யுளுக்கு வந்தேன். ஆற்றைப் பற்றிய நாலு வரி. மறுபடி எறும்பு. கண்ணை மூடினேன். கையை மேஜைக்கு அடியில் மடியில் வைத்தேன். இலை எடு. தூள் போடு. உருட்டு. நூல்.

ஆற்றில்.
சேற்றில்.
காற்றில்.
நாற்றில்.

தூள், தூள், தூள், தூள். நாலு தடவையும் ஒரே இடம். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது ஒரு நிழல். மேற்பார்வைக்கு வந்த டீச்சர். கண்ணாடி போட்டவர், கறாரான ஆள்.

"கீழ என்ன உருட்டுதீங்க? பிட்டா?"

"இல்ல டீச்சர்."

"எந்திரிங்க. கைய விரிங்க."

எழுந்தேன். ஹால் முழுவதும் பார்த்தது. என் விடைத்தாளை எடுத்துக்கொண்டார். போன தடவை நின்றது ஞாபகம் வந்தது. 32 ஞாபகம் வந்தது. எல்.கே.ஜி. வகுப்பு, ஜூலை கடைசி, எல்லாம் ஒரே நேரத்தில்.

இரண்டு கையையும் விரித்தேன். வெறும் கை. மஞ்சள் ஏறிய விரல் நுனி. அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். புகையிலை வாசம் அடித்திருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தார்.

"பீடி சுத்துதீங்களா?"

"ஆமா டீச்சர். பாட்டப் பீடியா சுத்திப் பாக்குதேன். அப்பத்தான் எனக்கு எதுகை தெரியும்."

"என்ன?"

வேறு வழியில்லை. அங்கேயே நின்று, வாய் திறக்காமல், காற்றில் ஒரு பீடி சுற்றிக் காட்டினேன். இலை. தூள். நூல். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்த டீச்சர் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விடைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"மேஜை மேல வச்சுச் சுத்துங்க. கீழ வேண்டாம். எல்லாரும் பயந்துருதாங்க."

மேஜை மேலேயே வைத்தேன். ஹால் முழுக்கப் பார்க்க, ராணி மாதிரி உட்கார்ந்து, நாலு வரியையும் சுற்றினேன். கடைசி வரியில் 'நாற்றில், நட்ட, நங்கை' என்று இலையும் வந்தது. மோனை. அதையும் எழுதினேன். மாற்றி எழுதவில்லை. ஒன்றைக்கூட மாற்றி எழுதவில்லை.

வெளியே மச்சான் ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "எப்படி?" என்றார். "கட்டிலிலே சாஞ்சிருக்கும்" என்றேன். புரிந்துகொண்டார்.

ஜூலை 3, வெள்ளி

சபியாவிடம் ஹால் கதையைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளே கண்ணாடி போட்ட டீச்சராக நடித்தாள். எங்கள் மூன்று பேருக்கும் வேலை ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ரிசல்ட் இல்லை. தோள் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 24, வெள்ளி

மணி பத்து. ஜன்னத் போனில் நம்பரைப் போட்டாள். சுற்றியது, சுற்றியது. நெட் இல்லை என்றது. சபியா போனைத் திட்டினாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன், பார்க்கத் தைரியம் இல்லை.

ஜன்னத் கத்தினாள்: "ராத்தா! எழுவத்தி நாலு!"

எழுபத்து நான்கு. தமிழ். நான்.

சபியாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை உலுக்கினாள். "சொன்னேன்லா! சொன்னேன்லா ஏளா!" மூன்று பேரும் குதித்ததில் தூள் தட்டு கவிழ்ந்தது. மூன்று பேருக்கும் தும்மல். தும்மிக்கொண்டே சிரித்தோம். மச்சான் தெருமுனையிலிருந்தே ஹாரனை அடித்துக்கொண்டு வந்தார், கல்யாண வண்டி போல. இறங்கியதும் வாசலில் நின்று சத்தமாகப் பாடினார்: "தட்டினிலே சோறு வந்தா தாவி வாரான்!" தெருவே எட்டிப் பார்த்தது. அவருக்கு வெட்கமே இல்லை. எனக்கும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 27, திங்கள்

சேர்ந்துவிட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள். ஏழு பேர் அழுதார்கள். ஒன்று என் முந்தானையில் மூக்கைத் துடைத்தது. மதியத்துக்குள் "மிஸ்" என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். எனக்கு டீச்சர்தான் வேண்டும், மெதுவாக மாற்றணும்.

சாயங்காலம் கூடத்தில் மூன்று பேர். நான் உட்கார்ந்ததும் சபியா நகர்ந்து இடம் விட்டாள்.

"டீச்சரு."

முதல் ஆள் அவள்தான். கிண்டலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. தூள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"காதால எல்லாம் கேட்டாச்சு. எம் பேரு எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கணும்."

தூளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பினேன். அவள் விரலைப் பிடித்தேன். இருபது வருஷமாகத் தவறாமல் மடக்கிய விரல், ஒரு 'ச' போடத் தடுமாறியது. அழித்தோம். மறுபடி. மறுபடி. பிறகு 'பி'. பிறகு 'யா'. கடைசியில் நான் கையை எடுத்துக்கொண்டேன். தானாக மூன்றையும் எழுதினாள். கோணல்தான். ஆனால் வாசிக்கலாம்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் நானா?" என்றாள்.

இன்னொரு தடவை எழுத விரலை வைத்தாள். அவள் பீடிக் கட்டு இன்னும் முடியவில்லை, பதினெட்டு பீடி குறைந்தது. நானும் ஜன்னத்தும் சுற்றிப் போட்டோம்.